நாங்கள் செய்ததை நான் செய்ததாக எழுதினேன்

1

போன வாரம் எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் எனக்கு ஒரு பாராட்டு நடந்தது. மேடை, மாலை, மைக் எதுவும் கிடையாது. காலைத் தேநீர் நேரத்தில் ஊழியர் அறையில் ஒரு கேக்கை வெட்டினார்கள். இயக்குநர் அம்மாள் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். கையில் காப்பிக் கோப்பை வைத்திருந்தவர்கள் மேசையில் தட்டினார்கள்.

ஊரில் இருப்பவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நான் இருப்பது மெல்போர்ன் நகரத்தின் தென்கிழக்குப் புறநகர். என் கணவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இயந்திரங்களுக்கு அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவர். அந்தத் தொழிலுக்கு இங்கே ஆள் தேவை என்றார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐந்து வயது மகளோடு வந்து சேர்ந்தோம். இங்கே வந்து பல வருடம் நான் காப்பகத்தில் உதவியாளர்தான். மூக்குத் துடைப்பது, தொப்பி மாட்டுவது, வெயில் களிம்பு பூசுவது, மதியம் படுக்கை விரிப்பது. ஆசிரியை என்ற பெயர் வேண்டுமானால் இந்த ஊர்ச் சான்றிதழ் வேண்டும். அது இப்போது வந்துவிட்டது. அதற்குத்தான் கேக்.

கைதட்டல் முடிந்ததும் இயக்குநர், என் விண்ணப்பத்தோடு நான் இணைத்திருந்த அனுபவக் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை வாசித்தார். சின்னக் குழந்தைகளுக்குப் பேருந்துப் பலகைகளை வைத்து எழுத்து கற்பித்ததைப் பற்றிய பத்தி அது. நான் திட்டமிட்டேன், நான் கவனித்தேன், நான் தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டேன் என்று ஒவ்வொரு வாக்கியமும் என்னிலேயே ஆரம்பித்தது. பக்கத்து வகுப்பு மரியா என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். என் தட்டில் இருந்த கேக்கை யாரும் பார்க்காதபோது காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அந்தப் பத்தியில் நான் தனியாகச் செய்தது என்று ஒன்றுகூட இல்லை.

2

ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளானூர் பால்வாடியில் நான் டீச்சராக இருந்தேன். எண்பதுகளின் பின்பாதி. ஒரு தொண்டு நிறுவனம் அந்த வட்டாரத்தில் பல பால்வாடிகளை நடத்தி வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களை ஒரு ஹாலில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தை மனம், வளர்ச்சிப் படிகள் என்று ஒருவர் பேசிக்கொண்டே போனார்; நாங்கள் எழுதிக்கொண்டே இருந்தோம். கடைசி நாள் மாதவாரியாகப் பாடம் போட்டு ரோனியோவில் அச்சடித்த தாள் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் தோட்டம், ஒரு மாதம் மிருகக்காட்சிசாலை, ஒரு மாதம் கடற்கரை.

வெள்ளானூரில் மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் முன்னால் தனியாக நின்றபோதுதான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒட்டகச்சிவிங்கி படத்தைக் காட்டினேன். ஒரு பிள்ளை, இது நம்ம ஊரு மாடா டீச்சர் என்றது. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். மேற்பார்வைக்கு வரும் மேடம் பதிவேட்டையும் சத்துணவுப் பாத்திரத்தையும் பார்ப்பார். பாடத்தைப் பற்றிக் கேட்டால், தாளில் இருப்பதைச் செய்யுங்கள் என்பார்.

மாதக் கூட்டத்துக்குப் போகும்போதுதான் நூர்ஜகான் அக்கா பழக்கமானார். பூந்தமல்லி பால்வாடியில் டீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கணவர் தோல் பை தைக்கிறவர். கூட்டம் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒட்டகச்சிவிங்கிக் கதையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள்தான் கஸ்தூரி. அம்பத்தூர் எஸ்டேட் ஓரத்துக் குடியிருப்பில் அவளுக்குப் பால்வாடி. தன் வகுப்பில் கடற்கரை மாதம் முழுக்கப் பிள்ளைகள் மணலைத் தின்றதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்றாள்.

அன்றைக்கு நூர்ஜகான் அக்கா சொன்ன யோசனை சாதாரணமானது. சனிக்கிழமை ஒருத்தி வகுப்புக்கு மற்ற இரண்டு பேரும் போவது. மூலையில் உட்கார்ந்து பார்ப்பது. பிள்ளைகள் போனபிறகு மூவரும் பேசி அடுத்த வாரப் பாடத்தைப் போடுவது. எங்கள் பால்வாடிகளில் ஆயாக்கள் இருந்தார்கள். பாதி நாள் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைத்திருக்காது.

முதல் சனிக்கிழமை கஸ்தூரியின் வகுப்பைப் பார்த்துவிட்டு, நல்லா இருந்துச்சு கஸ்தூரி என்றேன். அக்கா என்னை நிறுத்தினார்.

“நல்லாருந்துச்சு, நல்லால்லன்னு மேடம் சொல்லிக்குவாங்க. நீ இன்னா பாத்தே, அத்த சொல்லு. எந்தப் புள்ள இன்னா பண்ணுச்சு?”

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு மணி நேரமும் நான் கஸ்தூரியைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். அக்கா, சரி, அடுத்த வாரம் ஒரே ஒரு பிள்ளையைப் பார் என்றார். அவரும் அப்படித்தான் செய்தார். எனக்கு டீச்சர் வேலை அங்கேதான் பிடிபட ஆரம்பித்தது.

மகள் கவிதாவுக்கு மூன்று வயதானதும் அவளையும் வெள்ளானூர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமைகளில் நாங்கள் பேசி முடிக்கும்வரை எங்கள் மூவரின் மடியிலும் மாறி மாறித் தூங்குவாள்.

3

ஒட்டகச்சிவிங்கியை நாங்கள் கைவிட்டோம். பிள்ளைகள் தினம் பார்ப்பதிலிருந்து பாடம் என்று முடிவு செய்தோம். எஸ்டேட் பட்டறைகளில் கழித்துப்போட்ட வாஷர்களைக் கஸ்தூரி ஒரு பை நிறையக் கேட்டு வாங்கி வந்தாள். கழுவிக் காயவைத்து, பிள்ளைகளைப் பெரியது சிறியது பிரிக்கவைத்தோம், எண்ணவைத்தோம், கோக்கவைத்தோம். கம்பெனிச் சங்கு ஊதினால் வேலை தொடங்கும் விளையாட்டு ஒன்றும் செய்தோம். எங்களுக்கு ஒரே பெருமை. நம் ஊருக்கு நாமே பாடத்திட்டம் போட்டுவிட்டோம் என்று.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் பக்கம் இரண்டு நர்சரிப் பள்ளிகள் வந்தன. ஷூ, டை, ஏ பி சி டி. கஸ்தூரியின் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். எண்ணிக்கை இல்லையென்றால் அந்த மையத்தை மூடிவிடுவோம் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனார். தாய்மார்களைக் கூப்பிட்டுக் காட்டலாம், பார்த்தால் அவர்களுக்குப் புரியும் என்றேன் நான். ஒரு சனிக்கிழமை கூப்பிட்டோம். வேலைக்குப் போகாத சிலர் வந்தார்கள். ஷிப்ட் முடிந்து சிலர் வந்தார்கள். பிள்ளைகள் வாஷர் பிரிப்பதைக் காட்டினோம்.

வள்ளி என்று ஒரு தாய். போல்ட் நட்டு பேக்கிங் செய்யும் கம்பெனியில் வேலை. சுவரில் சாய்ந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு கஸ்தூரியிடம் நிதானமாகச் சொன்னாள்.

“டீச்சர், நான் காலீலேந்து சாங்காலம் வரிக்கும் வாஷர்தான் பொறுக்கினுகீறேன். எம்புள்ளயும் இங்க வந்து அத்தத்தான் பொறுக்கணுமா? இது வேணான்னுதான அவன இங்க வுட்டேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை எங்களுக்குள் பெரிய சண்டை. எல்லோருக்கும் சிலேட்டு கொடுத்து அ ஆவும் ஏ பி சியும் எழுதவைத்துவிடலாம், கேட்பதைக் கொடுத்துவிட்டு மையத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றாள் கஸ்தூரி. மூன்று வயது விரல்களில் பலப்பத்தைத் திணிப்பது பாவம் என்றேன் நான். உன் மையத்தை யாரும் மூடவில்லை, அதனால் உனக்கு நியாயம் பேச முடிகிறது என்றாள். உண்மைதான். நூர்ஜகான் அக்கா இருவரையும் பேசவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார். தாய்மார்களுக்கு நாம் காட்டினோமே, அவர்களிடம் எதையாவது கேட்டோமா? அவரவர் மையத்தில் நான்கு வீட்டுக்காவது போய், பிள்ளைக்கு என்ன வரவேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு வருவது என்று முடிவாயிற்று.

கஸ்தூரி வள்ளி வீட்டுக்குத்தான் முதலில் போனாள். வள்ளியின் தாய்வீடு திருமழிசை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நின்று இது எங்கே போகும், அது எங்கே போகும் என்று ஒவ்வொருவரையும் கேட்பாளாம். ஒருமுறை யாரோ தவறாகச் சொல்லி, கைக்குழந்தையோடு நேரெதிர்த் திசையில் நெடுந்தூரம் போய்விட்டாள். இறங்கி அழுதிருக்கிறாள். யாரையும் கேட்காமல் பஸ் ஏறவேண்டும், என் பையனுக்கு அது வந்தால் போதும் என்றாளாம்.

அடுத்த வாரம் கஸ்தூரி செருப்புக்கடை அட்டைப்பெட்டிகளை வெட்டி, கொட்டை எழுத்தில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, திருமழிசை என்று எழுதிக்கொண்டு வந்தாள். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டால் பஸ். பலகை மாறும், தன் ஊர்ப் பலகை வந்தால்தான் பிள்ளை ஏறவேண்டும். தவறான பஸ்ஸில் ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம், யாரும் திட்டக்கூடாது. அந்தக் கடைசி விதி அக்கா சேர்த்தது. நான் சேர்த்தது பாட்டும், கடைப்பலகைகளும். ஒரு வாரத்தில் ஒரு பிள்ளை, ஆவடிக்கு வால் இருக்கு, அம்பத்தூருக்கு வால் இல்லை என்றது. ‘ஆ’வையும் ‘அ’வையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிரித்துவிட்டது. மூன்று பேரும் அன்றைக்கு அதைப் பற்றியே பேசிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தோம்.

வள்ளியின் பையன் திரும்பி வந்தான். ஷிப்ட் முடித்து அழைத்துப்போக வரும் வள்ளி, கொஞ்ச நாளில் சன்னலுக்கு வெளியே நின்று பலகையைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு உள்ளேயே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு தாய்மார்கள். கஸ்தூரியின் மையத்தை மூடவில்லை.

இது மேடம் காதுக்கு எட்டியது. முதலில் கோபப்பட்டார். வந்து பார்த்தார். பிறகு, வட்டாரத்தில் உள்ள எல்லா டீச்சர்களையும் இப்படி மூன்று நான்கு பேராகச் சேர்த்துவிடலாம், நீங்கள் மூவரும் ஆளுக்கு ஒரு பக்கம் போய் ஆரம்பித்து வையுங்கள் என்றார். ஆவடிப் பக்கம், வேப்பம்பட்டு வரை, என் பொறுப்பு.

அந்த மாதம்தான் எங்கள் விசா வந்தது.

4

இந்த ஊரில் நான் முதலில் போன நேர்காணலில், பயிற்சி முடித்து வெளிவந்ததைச் சொல்வதற்கு நம் ஊரில் சொல்கிற மாதிரியே, ‘பாஸ் அவுட்’ ஆனேன் என்றேன். கேட்டவர் முகம் மாறி, இப்போது உடம்பு பரவாயில்லையா என்று விசாரித்தார். இங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்று பொருள். அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலையில் அதிகம் பேசாமல் இருந்து பழகிக்கொண்டேன்.

காலையில் நானும் கணவரும் கவிதாவும் மூன்று நேரத்துக்குக் கிளம்புகிறோம். அடுத்தவர்கள் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கக் கதை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் பிள்ளையோடு பேசத் தொண்டையில் சத்து இருக்காது. கவிதா தமிழில் கேட்பதை நிறுத்தி, தமிழில் பதில் சொல்வதை நிறுத்தி, வருடங்கள் ஆகின்றன. வெள்ளானூரில் பஸ் பலகை படித்த பெண்ணுக்கு இன்று தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தேன்.

முன் அனுபவத்தைக் காட்டினால் படிப்பில் பாதியைத் தள்ளுபடி செய்து சான்றிதழ் தருவார்கள் என்று மரியாதான் சொன்னாள். எழுதினேன். தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுதி, கவிதா திருத்திக் கணினியில் அடித்தாள். நாங்கள் செய்தோம், நாங்கள் பேசினோம் என்றே எழுதியிருந்தேன். சில வாரத்தில் திரும்பி வந்தது. ‘நாங்கள்’ வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். அலுவலகத்துக்கு போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாகவே விளக்கினாள். உங்கள் குழுவுக்கு நாங்கள் சான்றிதழ் தரவில்லை, உங்களுக்குத் தருகிறோம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

கவிதாவிடம் சொன்னேன். அவள், ரொம்ப ஈஸி அம்மா என்று ஏதோ இரண்டு விசைகளைத் தட்டினாள். கட்டுரையில் இருந்த ‘நாங்கள்’ எல்லாம் ஒரே நொடியில் ‘நான்’ ஆயிற்று. நாங்கள் மூவரும் என்று இருந்த இடங்களில் ‘நான் மூவரும்’ என்று வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மூவரையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். கஸ்தூரியின் பெயரைப் போட்டு, அவள் செய்ததில் என் பங்கு இது என்று எழுத வழி இருந்திருக்கும். ஆனால் இன்னொரு முறை திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற பயம். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

5

கேக் வெட்டிய வாரத்துச் சனிக்கிழமை, இந்தியக் கடையில் போன் கார்டு வாங்கி வந்து கஸ்தூரியைக் கூப்பிட்டேன். அவள் வீட்டில் போன் வைத்திருப்பதும் அதன் எண்ணும் அவள் தங்கை கடிதம் எழுதித்தான் தெரியும். நான் அவளோடு பேசி வருடக்கணக்காகிவிட்டது.

“இன்னாடி சுமதி, நெனப்பு வந்துச்சா?” என்றாள். குரல் மாறவே இல்லை. நடந்ததைச் சொன்னேன். பஸ் பலகை என் யோசனை என்று எழுதிச் சான்றிதழ் வாங்கிவிட்டேன் என்றேன்.

“எம்பேரு போட்டிருந்தா மட்டும் அவுங்களுக்கு நான் யாருன்னு தெரியப் போவுதா?” என்றாள். பிறகு, “ஆனா கேக்கறதுக்கு ஒரு மாரியாத்தான் கீது. இல்லன்னு சொல்ல மாட்டேன்” என்றாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த அலுவலகத்துக்கு எழுதித் திருத்தச் சொல்கிறேன் என்றேன். எழுது, எழுதாமல் போ, உன் இஷ்டம் என்றாள். பேச்சை மாற்றுவதற்காக என் வெள்ளானூர் மையம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அங்கே இப்போது மையமே இல்லை என்றாள். நான் வந்தபிறகு வேறு டீச்சரைப் போடவே இல்லையாம். எங்கள் மூன்று பேர் குழு மற்ற ஊர்களுக்குப் பரவும் என்று மேடம் சொன்னதும், அவர் மாற்றலாகிப் போனதோடு நின்றுவிட்டது.

“அக்காதான் வாரத்துல ரெண்டு நாளு பூந்தமல்லிலேந்து பஸ் புடிச்சி வந்து உன் புள்ளங்கள பாத்துகினாங்க. ஒரு வருசத்துக்கு மேல. அப்புறம் அவுங்களுக்குக் கால் முடியல. மூடிட்டாங்க. உங்கிட்ட சொல்ல வேணாம், மனசு ஒடைஞ்சிடுவான்னு சொன்னாங்க. இப்ப நீயா கேட்டதால சொல்றேன்.”

ஊரைவிட்டு வந்தது தவறு என்று நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் நான் வந்த பிறகு அந்த முப்பது பிள்ளைகளின் காலைப்பொழுது என்ன ஆயிற்று என்று ஒருநாள்கூட விசாரிக்கவில்லை. இங்கே வந்து முதல் வருடம் எனக்கு என்ன குளிர், என்ன தனிமை என்று நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி ஆவடியில் பஸ் மாறி, எனக்காக என் வகுப்பைத் திறந்துகொண்டிருந்தார். என் கடிதங்களுக்கு உடம்பைப் பார்த்துக்கொள் என்று பதிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

அழுகிறாயா என்று கேட்டாள் கஸ்தூரி. இல்லை என்றேன். பிள்ளையைக் கூப்பிடு, அதோடு பேசுகிறேன் என்றாள்.

6

கவிதாவுக்கு இந்த மாதிரி போன்கள் பிடிக்காது. தெரியாத ஒருவர் வேகமான தமிழில் ஏதேதோ கேட்பார். அவள் ம், ஆமாம், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அன்றைக்கு வாங்கி அப்படித்தான் ஆரம்பித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. எதிரில் கஸ்தூரி பேசிக்கொண்டே இருந்தாள் என்று தெரிந்தது. கவிதா சுவரில் சாய்ந்து கேட்டாள். நடுவில், “நான்தான் ஆன்ட்டி அதை மாத்தினேன். அம்மா இல்ல. ஸாரி” என்றாள், தட்டுத்தடுமாறி. இல்லை கவிதா என்று நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கார்டில் காசு தீரும்வரை பேசினார்கள்.

போனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். அந்த பேப்பரில் பிள்ளைகள், பிள்ளைகள் என்று அத்தனை இடத்தில் அடித்தேனே, அதில் நானும் இருந்தேனா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருந்தாய் என்றேன். அந்த ஆன்ட்டி மடியில் நான் தூங்குவேனாமே என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. கட்டுரையை மூன்று முறை திருத்தியவள் அவள். பிள்ளைகள் என்றால் யாரோ தூரதேசத்துப் பிள்ளைகள் என்று நினைத்திருக்கிறாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?” என்றாள். இதைத் தமிழிலேயே கேட்டாள்.

வேலை, அலுப்பு என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். இங்கிலீஷில் சொன்னால் அது வேறு யாருடைய கதை மாதிரியோ ஆகிவிடுகிறது, தமிழில் சொன்னால் உனக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன் என்றேன்.

“தமிழ்லயே சொல்லு. புரியலன்னா கேக்கறேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் நூர்ஜகான் அக்காவிலிருந்து ஆரம்பித்தேன். வகுப்பு மூலையில் உட்கார்ந்து பார்ப்போம் என்ற இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்தி, மூலை என்றால் என்ன என்று கேட்டாள்.